மாமா என்று கூப்பிட்டவன்

1997 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை மாலை, மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸ் சைபர் கபே ஒன்றில் கனகலிங்கம் தமிழ் அரட்டை அறைக்குள் நுழைந்தார். ஆபீசில் அதிர்ந்து பேசாத குமாஸ்தா. இங்கே முகம் தெரியாது என்பதால் யாரையும் ஏசுவார். ‘பிரிக்பீல்ட்ஸ் கனகு’ என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர்.

அவரைக் ‘கனகு’ என்று கூப்பிடும் அக்கா, யாழ்ப்பாணத்தில் கட்டிக்கொடுத்த இராசேஸ்வரி, போரில் ஊர்விட்டு ஓடி இரண்டு வருடம். போட்ட கடிதங்களெல்லாம் திரும்பி வந்துவிட்டன.

புதிதாக வந்த ஒருவன் எழுதினான்: “மாமா, சுகமோ?”

அந்த அறையில் ‘மாமா’ என்றால் கூட்டிக்கொடுப்பவன். கனகலிங்கத்துக்குச் சுர்ரென்றது.

“யாருடா மாமா? உங்கம்மாவைப் போய்க் கேளுலா, சொல்லுவா!”

“செம அடி பாஸ்!” என்றார்கள் இருவர். அவர் சிரித்துக்கொண்டார்.

பதில் வந்தது.

“அம்மாதான் உங்களைத் தேடச் சொன்னவ. அவவின்ர பேர் இராசேஸ்வரி.”

அவர் “மருமகனே” என்று தட்டி முடிப்பதற்குள் அவன் பெயர் அறையிலிருப்போர் பட்டியலில் இல்லை.

அந்தக் கடையை நிரந்தரமாக மூடும்வரை, பதினான்கு மாதம், எல்லாச் சனிக்கிழமையும் போனார். அவன் வரவில்லை.