தமிழில் ஒரு பொய்

மூன்றாவது முறையும் பந்து பறிபோனது. கூடைப்பந்து கோர்ட் முழுக்க ஒட்டி நின்று மறிக்கும் கிள்ளான் சீனப் பள்ளி அணிக்குப் புரியாது என்ற தைரியத்தில்தான் தாமரை தமிழிலேயே கத்தி பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா கத்து லா," என்று சிரித்தாள் பந்தைப் பறித்த சியூ லிங். "எங்கம்மா கடை தமிழ்க்காரங்க பூக்கடைக்குப் பக்கத்துல. எனக்குத் தமிழ் தெரியும்."

தாமரையின் அணிக்கு ஒரு புள்ளி குறைவு. பத்து வினாடிதான் பாக்கி.

"ஷாமினி, இடது பக்கம் ஓடு!" என்று கத்திவிட்டு வலது பக்கம் வீசினாள் தாமரை. சியூ லிங் இடதுபக்கம் பாய்ந்தாள். வலதுபக்கமே நின்ற அணித்தோழி ஷாமினி பந்தைப் பிடித்து ஓடிக் கூடையில் போட்டாள். ஜெயித்தாகிவிட்டது!

"நான் சொன்னது பொய்னு எப்படிடீ தெரிஞ்சுச்சு?" என்று ஷாமினியிடம் கேட்டாள் தாமரை.

"பொய் சொன்னா உன் குரல் கீச்சுன்னு ஆயிடும். எனக்கு எப்பவுமே தெரியும் லா."

அப்படியென்றால், தாமரை இரவல் வாங்கிய ஷாமினியின் புது ஜெர்சியைத் தொலைத்துவிட்டு, அம்மா துவைக்கப் போட்டிருக்கிறார் என்று ஒரு மாதமாகச் சொல்லிவருவதும் பொய் என்று அவளுக்குத் தெரியுமா?