பாக்கெட் உப்பு

கிராமச் செவிலியர் விஜிலா, இசக்கிசெல்வியின் அடுக்களைச் சாடியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துத் தட்டில் பரப்பி, சோதனைக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். நீலமாக மாற வேண்டும். உப்பு வெள்ளையாகவே கிடந்தது.

“ஏளா, இதுல அயோடின் இல்ல. வயித்துல புள்ள இருக்கும்போது ஒனக்கு அது கூடுதலா வேணும். இனிமே பாக்கெட் உப்பு வாங்கு. அதுக்காக டாக்டர் தந்த தைராய்டு மாத்திரைய நிறுத்திராத.”

நான்காம் மாதம். போன வாரம்தான் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. மாத்திரை விழுங்குவது பெரிய காரியமில்லை. உப்பை மாற்ற வேண்டுமென்று கணவன் சுடலைக்கண்ணனிடம் எப்படிச் சொல்வது? பதினாறு வயதிலிருந்து உப்பளத்தில் வேலை பார்ப்பவன். பாத்தியில் நன்றாக விளைந்த கல்லுப்பை வீட்டுக்கென்று தனியே பொறுக்கிக் கொண்டு வருவான். விருந்தாளி வந்தால் கறியை விட்டுவிட்டு உப்பின் பெருமையைத்தான் பேசுவான்.

மத்தியானம் சோறு வைத்துவிட்டுச் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கேட்டான்.

“அப்போ, போன வருசம் நம்ம புள்ள கலைஞ்சது... நான் கொண்டாந்த உப்பாலயா செல்வி?”

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி இருவரும் அதுவரை வாய்திறந்ததே இல்லை. விஜிலாவுக்கு போன் போட்டு, அவன் கேட்டதைச் சொல்லி, போனை அவனிடம் நீட்டினாள்.

“அண்ணே, அது எதனாலன்னு ஆராலயும் சொல்ல முடியாது. அத உங்க தலையில தூக்கி வச்சுக்காதீங்க. இந்தப் புள்ளைக்கு வேண்டியதப் பாருங்க” என்றாள் விஜிலா.

சாயங்காலம் அவனே பால்துரை அண்ணாச்சி கடைக்குப் போனான்.

“ஏலே, உப்பளத்துக்காரனுக்கு எதுக்குலே பாக்கெட் உப்பு?” என்று அண்ணாச்சி சிரித்தார்.

“எம் பொண்டாட்டி மாசமா இருக்கா அண்ணாச்சி. அயோடின் போட்டதாப் பாத்துக் குடுங்க.”

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி, எழுத்தைப் படித்துப் பார்த்து, பாக்கெட்டைத் துடைத்துக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து விடிகாலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவளை எழுப்பி, வெறும் வயிற்றில் மாத்திரை கொடுத்தான். அரை மணி நேரம் அவள் தேநீர் குடிக்கக் கூடாதென்பதால் தானும் குடிக்காமலே போனான். அடுத்த மாதப் பரிசோதனையில் தைராய்டு அளவு சற்றுக் கூடியிருந்தது. இன்னும் கூட வேண்டும் என்றார் டாக்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தட்டில் சாளை மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“இங்கன கை வையுங்க. அசையுது.”

அவன் எழுந்துபோய்க் கை கழுவினான். லுங்கியில் துடைத்தான். உப்பு அரித்து வெடித்துச் சொரசொரத்திருந்த உள்ளங்கையை ஒருமுறை பார்த்தான். பிறகு கையைத் திருப்பி, புறங்கையை மெதுவாக அவள் வயிற்றில் வைத்தான்.