ஆடிட்டுக்கு வந்த வண்டி

தேசம்மாவின் இடுப்பு வலி தினமும் அவளுக்கு முன்னால் எழுந்துவிடும். ஒருக்களித்துப் படுத்து, சுவரைப் பிடித்து, ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னால்தான் உடம்பு பாயை விட்டுக் கிளம்பும். அந்த வார்த்தை கடவுளுக்கா நகராட்சிக்கா என்று அவள் பிரித்துப் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

வலிக்குக் காரணம் வயசு இல்லை, வண்டி. கொடிமல்லப்பாக்கம் நகராட்சியில் குப்பை வாரும் அவளுக்குக் கொடுத்திருந்த தள்ளுவண்டியின் இடது சக்கரம் சுற்றாது. பெயர்தான் தள்ளுவண்டி. கயிறு கட்டி, தோளில் போட்டு, செத்த மாட்டை இழுக்கிற மாதிரி இழுக்க வேண்டும். அவளுக்கு விட்டிருந்த தெருக்கள் எல்லாம் ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் தெற்கத்திப் பையன்கள் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தெருக்கள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவன் பரோட்டாப் பொட்டலத்தை வீசுவான். காலை ஷிப்டுக்குப் போகிறவன் பிரியாணி டப்பாவை வீசுவான். கம்பெனியில் மயிரிழை வித்தியாசத்துக்கு ஒரு இரும்புத் துண்டையே தள்ளுபடி செய்கிற பிள்ளைகள், ரூம் வாசலில் பச்சைத் தொட்டிக்கும் நீலத் தொட்டிக்கும் வித்தியாசம் தெரியாமல் சால்னாவை இரண்டிலும் ஊற்றுவார்கள்.

நகராட்சிக் கணக்கில் மட்டும் தேசம்மா ராணி. இருபத்து நாலு புது வண்டிகள் வாங்கியாயிற்று என்று இருப்புப் பதிவேடு சொன்னது. வந்தவை ஆறு. அவை கவுன்சிலர்கள் குடியிருக்கும் தெருக்களுக்குப் போயின. மீதிப் பதினெட்டும் பில்லிலிருந்து இறங்கி நேராக யார் யார் வயிற்றுக்கோ உருண்டு போய்விட்டன. யார் வயிறு என்று ஊருக்கே தெரியும். கேட்கத்தான் ஆள் இல்லை.

வருஷத்துக்கு ஒரு தரம் கேட்க ஆள் வரும். அதற்குப் பெயர் தணிக்கை. அதைச் சமாளிக்க இரண்டு ஊர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இவர்களிடம் இல்லாத தள்ளுவண்டிகள் பக்கத்துப் புளியந்தாங்கல் நகராட்சியில் இருந்தன. அவர்களிடம் இல்லாத கொசுப்புகை மிஷின்கள் இங்கே இருந்தன. எந்த ஊரில் ஆடிட்டர் வந்து உட்காருகிறாரோ அந்த ஊருக்கு மற்ற ஊரின் சாமான்கள் லாரி ஏறும். கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவதுபோல. போட்டோ எடுத்ததும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த வருஷமும் லாரி வந்தது. நகராட்சி ஆபீஸ் பின்வாசலில் பதினெட்டு வண்டிகளை இறக்கினார்கள். பக்கவாட்டில் எழுதியிருந்த புளியந்தாங்கலை மறைத்துப் பச்சை அடித்து, மேலே கொடிமல்லப்பாக்கத்தை எழுதுகிற பொறுப்பு மேஸ்திரி கன்னியப்பனுடையது. மேஸ்திரி என்றால் குப்பை வாருகிறவர்களுக்குப் பக்கத்தில் குப்பை வாராமல் நிற்கிறவன்.

"எவளும் கைய வெக்காதீங்க, பெயிண்டு காயல" என்று கத்தினான்.

"இன்னா மேஸ்திரி, பொண்ணு பாக்க வராங்களா? பவுடர் பலமா கீது" என்றாள் தேசம்மா.

"ஆமா, உன்னத்தான் பாக்க வராங்கோ. போய் மூஞ்சி கழுவிக்கினு வா."

"கழுவிக்கினு வந்து, ஆடிட்டரு என்னய புடிச்சிப்போயி இட்டுக்கினு போய்ட்டா? நாளைக்கி குப்பைய உங்க அத்தையா வாருவா?"

பெண்கள் சிரித்தார்கள். அப்போது துப்புரவு ஆய்வாளர் வசந்தகுமார் கையில் ஒரு புது நோட்டோடு வந்தான். பரீட்சை எழுதி வேலைக்கு வந்த பையன். திருடுகிற தைரியமும் கிடையாது, திருடுகிறவர்களைத் தடுக்கிற தைரியமும் கிடையாது. இந்த வருஷ ஆடிட்டர் புது ஆள், எண்ணிப் பார்த்துவிட்டுப் போகமாட்டார், யார் வண்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்பார் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். வண்டி நம்பர், வாங்கியவர் பெயர், கையெழுத்து. இப்படி ஒரு வழங்கல் பதிவேடு.

"ஒரு நாளு நிக்கப்போற வண்டிக்கி இன்னாத்துக்கு சார் கையெழுத்து?" என்று தேசம்மா கேட்டாள்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா."

கன்னியப்பன் இடையில் புகுந்தான். "சும்மா இல்ல சார், மெரட்டி வெச்சாத்தான் இதுங்க ஒழுங்கா நிக்கும். யம்மா, கேட்டுக்கோ. கையெழுத்து போட்டா வண்டி உன் பொறுப்பு. காணாம போச்சின்னா சம்பளத்துல புடிச்சிருவாங்கோ."

சம்பளத்தில் பிடிப்பது என்ன என்று தேசம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருஷம் அவள் பேரில் இருந்த மம்பட்டி காணாமல் போனது. கன்னியப்பன் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் கலவை கலந்துகொண்டிருந்தது அந்த மம்பட்டிதான். பிடித்தது இவள் சம்பளத்தில். அதனால் கையெழுத்தை அவள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் போட்டாள்.

ஆடிட்டர் பெயர் கோமதிநாயகம். தென்காசிப் பக்கத்துக்காரர். ஆபீஸ் வாங்கி வைத்திருந்த பிரியாணியைத் தொடவில்லை. சர்க்கரை வியாதி என்று சொல்லி வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தின்றார். தின்கிற ஆடிட்டரைச் சமாளிக்கத் தெரிந்தவர்களுக்குத் தின்னாத ஆடிட்டரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பின்வாசலுக்கு வந்தார். வண்டிகளுக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் வண்டிமேல் கையை ஊன்றினார். எடுத்தபோது உள்ளங்கை பச்சையாக இருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"பெயிண்டு ரொம்பப் புதுசால்லா இருக்கு?"

"வருஷா வருஷம் அடிக்கிறது சார். மெயின்டனன்ஸ்" என்றான் வசந்தகுமார்.

"ஆடிட்டு அன்னைக்கா?"

"நல்ல நாள் பாத்து அடிப்போம் சார்" என்றான் கன்னியப்பன்.

அவர் ஒவ்வொரு வண்டியாக எண்ணிக்கொண்டே வந்து தேசம்மாவுக்கு முன்னால் நின்றார்.

"இது ஒங்க வண்டியாம்மா?"

"ஆமா சார். கையெழுத்து போட்டுக்கீறேன்."

"எப்படி ஓடுது?"

"சோக்கா ஓடுது சார்."

"ஓட்டுங்க பாப்போம்."

தேசம்மா கைப்பிடியைப் பிடித்து, பழக்கதோஷத்தில் முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். வண்டி அவளை விட்டுவிட்டு முன்னால் ஓடியது. விழப்போனவள் சமாளித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். ஒரு விரலால் தள்ளினாலும் போகிறது. திருப்பினால் திரும்புகிறது. முனகலில்லை, இழுப்பில்லை. கேட்வரை போய்த் திரும்பி வந்தாள். இடுப்பில் எதுவும் குத்தவில்லை.

"போதும்மா" என்றார் ஆடிட்டர்.

"இருங்க சார், இன்னொரு தபா."

இன்னொரு சுற்றும் போய் வந்தாள். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இப்படி ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. வலி தன் தலையெழுத்து என்று நினைத்திருந்தாள். அது ஒரு சக்கரம் என்று இப்போதுதான் தெரிந்தது.

கோமதிநாயகம் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராகப் 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிப் பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டார். மற்றவர்களுக்கும் போட்டார். "பேரெல்லாம் குறிச்சிக்கிட்டேன். ஒரு நாள் சொல்லாம வந்து பாப்பேன்" என்றார். காரில் ஏறும்போது திரும்பினார். "அடுத்த வாரம் புளியந்தாங்கல். அங்கயும் வண்டி இருக்கும்லா?"

"இருக்கும் சார்" என்று வசந்தகுமார் மனசாரச் சொன்னான்.

ஆடிட்டர் சிரித்தாரா இருமினாரா என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டிய மனுஷன். தெரிந்ததை எல்லாம் எழுத உட்கார்ந்தால் எந்த ஆடிட்டரும் வீடு போய்ச் சேரமுடியாது.

கார் போனதும் லாரி வந்தது. மற்ற வண்டிகள் ஏறின. தேசம்மா நகரவில்லை.

"ஏத்து" என்றான் கன்னியப்பன்.

"எத?"

"வண்டியத்தான்."

"நான் கையெழுத்து போட்ட வண்டியவா? எழுதிக் குடு, தேசம்மாகிட்ட இருந்து நான் வாங்கிக்கினேன்னு. ஏத்துறேன்."

"இன்னா வெளாடுறியா?"

"மம்பட்டிக்கி நீ இப்டித்தான் சொன்ன. அப்பறம் யாரு சம்பளத்துல புடிச்சாங்கோ? உன்னுதுலயா?"

கன்னியப்பன் வசந்தகுமாரைப் பார்த்தான். வசந்தகுமார் பதிவேட்டைத் திறந்தான். அவள் பெயருக்கு நேராக எழுத இடம் இருந்தது. பக்கத்தில் பச்சை மை இருந்தது. ஆடிட்டர் இன்றைக்குக் கையெழுத்துப் போட்ட வண்டியை இன்றைக்கே திரும்ப வாங்கினேன் என்று அதன் பக்கத்தில் தன் கையால் எழுத வேண்டும். பேனாவைத் திறந்தான். மூடினான். மற்ற பெண்கள் யாரும் எழுதிக் கேட்கவில்லை, இவளுக்கு எழுதினால் அவர்களும் கேட்பார்கள். பச்சை மையைப் பற்றி தேசம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் மனசில் இருந்தது மம்பட்டி பாதி, அந்த இரண்டாவது சுற்று பாதி.

"வேலைய வுட்டுத் தூக்கிருவேன், தெரியுமா?" என்றான் கன்னியப்பன்.

"தூக்கு. ஆடிட்டரு வந்து தேசம்மா எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவ? செத்துட்டான்னு சொல்லு. வண்டியயும் கூடவே வெச்சி எரிச்சிட்டோம்னு சொல்லு."

வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். ஏற்கெனவே ஏற்றிக் கொடுத்துவிட்ட பெண்கள் லாரியைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், அவரவர் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்த நாட்களில் தேசம்மா வேலையை முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிற அளவுக்கு நேரம் மிஞ்சியது. ராத்திரி வண்டியைத் தன் வீட்டு ஜன்னல் கம்பியில் சங்கிலி போட்டுக் கட்டினாள். பழைய வண்டி பக்கத்திலேயே குப்புறக் கிடந்தது.

ஒரு நாள் மத்தியானம் புளியந்தாங்கல் மேஸ்திரி எல்லப்பன் பைக்கில் வந்து இறங்கினான். பின்னால் ஒரு பெண்ணும் இறங்கினாள்.

"யக்கா, கலாட்டா வாணாம்" என்றான் எல்லப்பன். "நாளைக்கி எங்க ஊர்ல ஆடிட்டு. கணக்குல ஒண்ணு கொறையுது. வண்டி எங்களுது."

"எங்க எழுதிக்கீது? பேரப் பாரு."

"அந்தப் பெயிண்டுக்கு அடியில எங்க பேருதான் கீது."

"அப்ப சொரண்டி எடுத்துக்கினு போ. பேர மட்டும்."

எல்லப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட வந்தவள் சிரிக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, கைப்பிடியில் சுற்றியிருந்த துணியைத் தடவிப் பார்த்தாள்.

"இது என் சேலைலருந்து கிழிச்சது. வெயில்ல இந்தக் கம்பி சுட்டுக் கை பொத்துப்போகும்லா, அதான் சுத்துனேன்" என்றாள் தெற்கத்திப் பேச்சில்.

"நீ யாருடி?" என்றாள் தேசம்மா.

"கனகலட்சுமி. இது நான் தள்ளுன வண்டிக்கா."

இவ்வளவு நாளும் அது புளியந்தாங்கலின் வண்டி என்றுதான் தேசம்மா நினைத்திருந்தாள். புளியந்தாங்கல் என்றால் ஒரு ஆபீஸ், ஒரு மேஸ்திரி, நாலு திருடர்கள். அந்தக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு பொம்பளை நின்றிருப்பாள் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"இப்ப எதுல வாருற?"

"சாக்குலதான். தலைல வச்சித் தூக்கிட்டுப் போறேன். ஊத்துன கொழம்பெல்லாம் முதுகுல வடியுது."

"எனக்கு இடுப்பு போச்சிடி."

"எனக்குக் கழுத்துக்கா. இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

"தைலம் போடு."

"போட்டேன். நாத்தம் மாறுச்சு, வலி மாறல."

வண்டியைக் கொடுத்துவிட்டால் நல்லவள் என்று பேர் வரும். நல்லவளுக்கு மறுபடியும் கயிறு. தேசம்மா சங்கிலியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"குடுக்க மாட்டேன்" என்றாள். கனகலட்சுமியின் முகத்தைப் பார்த்தேதான் சொன்னாள்.

எல்லப்பனின் கண் குப்புறக் கிடந்த பழைய வண்டிமேல் போனது. மேஸ்திரி மூளை அது. "அது யாருது?"

"சக்கரம் சுத்தாது."

"சுத்த வாணாம்க்கா, நின்னா போதும். எண்ணிக்கைக்கி ஒண்ணு. பச்சை அடிச்சி நடுவுல நிக்க வெச்சிட்டா எவன் கேக்கப்போறான்?"

லோடு ஆட்டோ ஒன்றைக் கூப்பிட்டு அதை ஏற்றினான். ஏற்றும்போது மூன்று பேரும் பிடித்தார்கள். கனகலட்சுமி அதன் இடது சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். ஆட்டோவில் ஏறிக்கொண்டவள், அது கிளம்பும்போது எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஒங்களுக்குப் புதுசு வந்தா இத எனக்குத் தந்துருவீங்களா?"

"தரேன்."

"சத்தியமா?"

"மாரியாத்தா மேல சத்தியமா தரேன், போ."

மறுநாள் புளியந்தாங்கலில் கோமதிநாயகம் எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. யாரையும் ஓட்டிக்காட்டச் சொல்லவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. அதே பதினேழு வண்டிகள் இரண்டு ஊர்களிலும் இருப்பதாகவும், இரண்டு ஊர்களிலும் இருப்பில் குறை எதுவும் இல்லை என்றும் அறிக்கை போனது. வசந்தகுமாருக்கு நல்ல பெயர் கிடைத்தது. சொல்லாமல் வந்து பார்ப்பேன் என்ற ஆடிட்டர் சொல்லாமலும் வரவில்லை, சொல்லியும் வரவில்லை.

சக்கரம் சுற்றாத வண்டி புளியந்தாங்கலிலேயே நின்றுவிட்டது. யார் வண்டி போனதோ அவள்தான் இழுக்க வேண்டும் என்று எல்லப்பன் சொல்லிவிட்டான். கனகலட்சுமி அதற்கு ஒரு கயிறு வாங்கிக்கொண்டாள். கொடிமல்லப்பாக்கத்தில் இருப்புக் குறைவில்லாததால் புது வண்டி வாங்க முகாந்திரம் இல்லை என்று ஆபீஸில் சொல்கிறார்கள். தேசம்மா மாதம் ஒரு தடவை போய்க் கேட்கிறாள். அதே பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறாள்.

கொடிமல்லப்பாக்கம் தேசம்மா, புளியந்தாங்கல் கனகலட்சுமிக்குத் தர வேண்டிய பாக்கி: ஓடுகிற தள்ளுவண்டி ஒன்று.