டிரைவரின் உடம்புச் சூடு

டிரைவருக்குக் கோபம் வந்தால் அவர் வீட்டு வாளியில் இருக்கும் தண்ணீர் கொதிக்கும். ஆசை வந்தாலும் கொதிக்கும். இரண்டுக்கும் சூட்டில் வித்தியாசம் இல்லாததால், குளியலறையிலிருந்து ஆவி கிளம்புவதைப் பார்த்து எது வரப்போகிறது என்று அவர் மனைவியால், அவர் எதிரே வந்து நிற்கும்வரை, சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் படுக்கையறைச் சுவரில் சுண்ணாம்பு உரிந்து விழுந்தபோது தெருப்பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், கொடுத்துவைத்தவள் என்றார்கள். அடுத்த வருடம் அவளுடைய மேல்கையில் ஐந்து விரல்களும் பதிந்த தீக்காயத்தைப் பார்த்தபோது சிரிக்கவில்லை, கேட்கவும் இல்லை. அவள் முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டாள். திரைச்சீலை தைப்பது அவள் தொழில், துணிக்குப் பஞ்சமில்லை.

அவர் நகரப் பேருந்து ஓட்டினார். குளிர்காலத்தில் அந்த வண்டியில் நிற்க இடம் கிடைக்காது. முன்னால் போகிற ஆட்டோவை அவர் திட்டத் திட்ட, வண்டி கதகதப்பாகும், கிழவர்கள் கண்ணை மூடித் தூங்குவார்கள். கோடையில் அதே ஆட்கள் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார்கள். பணிமனையில் அவருக்கு ‘அனல்’ என்று பெயர். அதிகாரிகள் அவரிடம் அதட்டிப் பேசுவதில்லை. அவரும் அவர்களிடம் கையை ஓங்கியதில்லை. கையை ஓங்கியதெல்லாம் வீட்டில்தான். குழம்பில் உப்பு கூடியதற்கு, பக்கத்து வீட்டுக்காரனிடம் சிரித்துப் பேசியதற்கு, உடம்பு முடியவில்லை என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டதற்கு. ஒரே மகள் வளர்ந்து, முதலில் கேட்டு வந்த மாப்பிள்ளைக்குச் சரி என்று சொல்லிவிட்டு, வெகுதூரத்தில் இருக்கும் ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். வருடங்கள் இப்படியே கழிந்தன. மனைவியின் முதுகில் ஒரு ஆண்பிள்ளைக் கையின் அச்சு, விரல் விரலாக, பலமுறை விழுந்து ஆறியது.

டிரைவருக்கு ஐம்பத்தைந்து வயது நடந்தபோது சிறுநீர் போவதில் சிரமம் வந்தது. பரிசோதித்ததில் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டு, அது உத்தரவு போட்டால் கீழே விரைகளில் ஆண்மைச் சுரப்பு ஊறும், அந்தச் சுரப்பைத் தின்றுதான் இந்த நோய் வளர்கிறது, உத்தரவை நிறுத்த ஊசி போடப் போகிறோம் என்று விளக்கினார். ஆசை அடங்கிப்போகும், மார்பு கொஞ்சம் தடிக்கும், நினைத்தால் அழுகை வரும் என்றும் சொன்னார்.

“கோபம்?” என்று கேட்டது மனைவி.

“சிலருக்குக் குறையும்மா. ஆனா அந்தச் சுரப்பு உடம்பைச் சூடாக்கும், அவ்வளவுதான். அடின்னு அது சொல்றதில்ல. என் வீட்டுக்காரருக்கும் அதே சுரப்பு ஊறுது, அவர் கோபம் வந்தா போய்ப் பாத்திரம் கழுவுவாரு.”

டிரைவர் அந்தக் கடைசி வாக்கியங்களைக் கேட்கவில்லை. அவருக்குப் பட்டாணி போதுமானதாக இருந்தது.

ஊசி போட்ட மாதமே வாளித் தண்ணீர் ஆறியது. அதன் பிறகு அந்த வீட்டில் முதன்முறையாக அடுப்பில் வெந்நீர் வைத்தார்கள். பேருந்தில் பயணிகள் குளிர்கிறது என்று புகார் எழுதினார்கள். ஒரு கர்ப்பிணி ஏறி உட்காரும்வரை வண்டியை எடுக்காமல் காத்திருந்த டிரைவர், அவள் நன்றி சொன்னதும் ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுதார். வீட்டில் மனைவியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, திரைச்சீலைக்கு வளையம் கோத்துக் கொடுத்தார். ஒருநாள் அவளுடைய முதுகைப் பார்த்துவிட்டு, “இது எப்ப ஆச்சு?” என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் தேம்பினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அது நான் இல்லம்மா. அந்தச் சுரப்பு. டாக்டரே சொன்னாங்கல்ல,” என்றார்.

பட்டாணி விஷயம் தெருவில் பரவியது. ஆண்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. குடித்துவிட்டு வந்த வெல்டர் தன் மண்டையைத் தட்டிக்காட்டி, “உத்தரவு அங்கேர்ந்து வருது, நான் என்ன பண்ண?” என்றான். இன்னொரு பெண்ணோடு சினிமாவுக்குப் போய் அகப்பட்ட கணக்காசிரியரும் அதையே சொன்னார். டிரைவரின் மனைவிக்கும் ஒரு வகையில் அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஒரு பட்டாணியோடு யார் சண்டை போட முடியும்? இத்தனை வருடமும் தன்னை அடித்தது புருஷன் இல்லை, ஒரு திரவம் என்று அவள் நம்பிப் பார்த்தாள். நம்ப நம்ப நெஞ்சில் பாரம் இறங்கியது. ஊசி போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் இருவரும் பூங்காவுக்குப் போனார்கள், பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். தன்னிடம் எதையும் கேட்காமல் ஒரு ஆண் தன்னைக் கட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு ஐம்பது வயதில் தெரிந்தது. மகளிடம் போனில், “உங்கப்பா இப்பத்தான் எனக்குப் புருஷனா வந்திருக்காரு,” என்றாள். மகள் பேச்சை மாற்றினாள்.

இரண்டு வருடத்தில் நோய் அடங்கியது. ஊசியைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம், உடம்புக்கும் ஓய்வு வேண்டும், மறுபடி தலைதூக்கினால் போட்டுக்கொள்ளலாம் என்றார் டாக்டர். சில மாதம் கழித்து ஒரு காலையில் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருப்பதை மனைவி பார்த்தாள். மருந்துக்கடைக்குப் போய்த் தீக்காயக் களிம்பு வாங்கிவந்து அலமாரியில் வைத்தாள். அடியில் கிடந்த முழுக்கை ரவிக்கைகளை மேலே எடுத்துப்போட்டாள். சுரப்பு திரும்பிவிட்டது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெயிலுக்கும் மழைக்கும் தயாராவதைப் போலத்தான் தயாரானாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. அவருடைய சீருடைச் சட்டையை இஸ்திரி போடும்போது யாரோ கூப்பிட, அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் சட்டையின் முதுகில் ஓட்டை விழுந்துவிட்டது. டிரைவர் பார்த்தார். கழுத்து சிவந்தது. குளியலறையில் வாளி குமுறியது, சமையலறைக் குடத்தில் தண்ணீர் தளதளத்தது, மேசைமேல் இருந்த மெழுகுவத்தி வளைந்து படுத்தது. அவர் கையை ஓங்கினார். அவள் கண்ணை மூடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், கேட்டைப் பிடித்தபடி. கேட்டின் பச்சைப் பெயின்ட் கொப்புளித்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்தார், முகத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் களை.

“பாத்தியா? அடக்கிட்டேன்!”

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“முன்ன வந்த அதே கோபமாங்க? குறைச்சலா?”

“அதேதான். இன்னும் ஜாஸ்தின்னுகூடச் சொல்லலாம்.”

“அடக்கறது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?”

டிரைவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத நல்ல மனநிலையில் இருந்தார். “கஷ்டம்னு பெருசா ஒண்ணும் இல்ல. வெளிய போய் நின்னேன். அவ்ளோதான்.”

“அவ்ளோதானா,” என்றாள் அவள்.

சாயங்காலத்துக்குள் தையல் மெஷினை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். டிரைவருக்குப் புரியவில்லை. “அடிச்சப்பல்லாம் இருந்தே. இப்ப அடிக்கலையே, இப்பப் போறியே?” என்று ஆட்டோ பின்னாலேயே வந்தார்.

“உங்களால அடக்க முடியாதுன்னு நெனச்சுத்தான் இருந்தேங்க. முடியும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது,” என்றாள். குரல் உயரவில்லை.

தெரு முழுக்க டிரைவர் பக்கம் நின்றது. திருந்திய மனுஷனை விட்டுப் போகிறவளுக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று பெண்களே பேசிக்கொண்டார்கள். மகள் மட்டும் போனில், “வாடகைக்கு நான் அனுப்பறேம்மா,” என்றாள்.

ஊரின் மறுகோடியில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் மேல்தளத்து அறையை எடுத்துக்கொண்டு அவள் தைக்கிறாள். விடுமுறை நாள்களில் டிரைவர் வருகிறார். அவள் கதவைத் திறப்பதில்லை. அவர் தட்டுவதும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, உள்ளே மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சில நாள் ஆசையோடு வருகிறார், சில நாள் கோபத்தோடு. அவர் பக்கத்தில் இருந்த குரோட்டன்ஸ் செடிகள் கருகியதால் கட்டடச் சொந்தக்காரர் தொட்டிகளை மொட்டைமாடிக்கு மாற்றினார். குடியிருப்பவர்கள் சுவரை ஒட்டி ஒதுங்கி ஏறப் பழகிக்கொண்டார்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், கீழ்வீட்டுக் கைக்குழந்தைக்காரி ஈரத் துணிகளைக் கொண்டுவந்து, அவருக்குப் பக்கத்துக் கைப்பிடியில் வரிசையாக விரித்துப் போட்டாள். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.