அறுபதில் துளசிமணி

சென்னியப்பனின் புதுக் காரில் வேகம் கூடினால் பாட்டுச் சத்தம் தானாகக் கூடும். வேகம் குறைந்தால் குறையும். கம்பெனியே அப்படிச் செய்து கொடுத்திருந்தது. முதல் வாரம் அது பாட்டை மட்டும் கவனித்துக்கொண்டது. இரண்டாவது வாரம், சூலூரைத் தாண்டும்போது, துளசிமணியையும் சேர்த்துக்கொண்டது.

துளசிமணி அவன் மனைவி. வண்டி நாற்பதில் போனால் அவள் குரல் எப்போதும் போல இருந்தது. அறுபதில், முன்னால் போன லாரிக்காரர் கையை வெளியே நீட்டிக் கேட்டுவிட்டதாகச் சைகை செய்தார். எண்பதில் அவள், "கேஸ் தீரப்போவுது" என்றாள். எதிரே வந்த பஸ்ஸில் பல பேர் வீட்டுக்குப் போன் போட்டார்கள். சிக்னலில் நின்றால் அவள் வாய் மட்டும் அசைந்தது.

"நான் எப்பவும் போலத்தான் பேசறேன். உங்க காதுதான் சரியில்ல," என்றாள் துளசிமணி.

வீடு நகராது. அதனால் வீட்டில் அவள் பேச்சு சுத்தமாகக் கேட்கவில்லை.

முதல் நாள் சென்னியப்பனுக்கு அது சுகமாகத்தான் இருந்தது. பேப்பரைக் கடைசி வரி வரை படித்தான். இரண்டாம் நாள் உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டான். உப்புத் தீர்ந்துவிட்டதை அவள் நான்கு முறை சொல்லியிருந்தாள். மூன்றாம் நாளிலிருந்து, பேச வேண்டியதையெல்லாம் காரில் பேசினார்கள். அவள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வெங்காயம் உரிப்பாள். அவன் திருச்சி ரோட்டில் நாற்பதிலேயே போய்க்கொண்டிருப்பான். பேச்சு முடிந்ததும் வண்டியைத் திருப்புவார்கள். அதன் பிறகு அவன் பேரிங் கடையைத் திறப்பான்.

அப்படியே காலத்தை ஓட்டியிருப்பார்கள். அதற்குள் காங்கேயத்தில் துளசிமணியின் தம்பி லோகுசாமிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. வெள்ளிக்கிழமை பேர் வைக்கிறார்கள். அத்தைதான் குழந்தையின் காதில் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டும். என்ன பேர் என்று துளசிமணி புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

"நின்ன எடத்துல சொன்னா எம் பேச்சு கேக்காது," என்றாள் அவள், நாற்பத்திரண்டில். "புள்ள பேரில்லாமயே போயிரும். நீங்கதான் மாமா எதாச்சும் பண்ணோணும்."

சென்னியப்பன் கம்பெனிக்குப் போன் செய்தான். அது குறை இல்லை, வசதி என்றார்கள். அவன் தானே சரிசெய்வது என்று முடிவுசெய்தான்.

முதலில் ஸ்டீரியோவின் திரையில் பார்த்தார்கள். அவன் ஓட்டினான், அவள் விரலால் தள்ளிக்கொண்டே வந்தாள். 'சத்தம்' என்று ஒரு பக்கம் இருந்தது. அதற்குள் 'தானாகக் கூடும் சத்தம்'. அதற்குள் 'யாருக்கு'. அதற்குள் 'எத்தனை வருடமாக'. பல்லடம் வந்தும் பக்கங்கள் முடியவில்லை. பொங்கலூர் தாண்டி ஒரு புளியமரத்தருகே கடைசிப் பக்கம் வந்தது. 'இவர் சொல்வதை இதற்கு முன் காதுகொடுத்துக் கேட்டதுண்டா?' என்று இருந்தது. சென்னியப்பன் கையை நீட்டி 'ஆம்' என்பதை அழுத்தினான். திரை 'தவறு' என்று சொல்லிவிட்டு முதல் பக்கத்துக்குப் போனது.

துளசிமணி ஒன்றும் சொல்லவில்லை. அப்போது வண்டி ஐம்பதில் போய்க்கொண்டிருந்தது. சொல்லியிருந்தால் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை வாசலில் வண்டியை நிறுத்தி, தோசைக்கரண்டியால் ஸ்டீரியோவை நெம்பி வெளியே எடுத்தான். வீடியோக்களில் அப்படித்தான் செய்தார்கள். பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. டியூப் லைட் எரிந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு பெரியவர் ஒரு குமிழைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சுவரிலிருந்து ரோஸ் நிற வயர் ஒன்று வந்து, அவர் முன்னால் இருந்த மீட்டரில் சேர்ந்தது.

"கதவத் தட்டிட்டு வரப்பிடாதா அண்ணாச்சி?" என்றார் அவர்.

"கதவே இல்லீங்களே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க."

அவர் பெயர் ஞானதுரை. வயர் வழியாக வண்டியின் வேகம் வரும். மீட்டர் ஏறினால் குமிழைக் கூட்ட வேண்டும். இறங்கினால் குறைக்க வேண்டும். அதுதான் வேலை.

"எம் பொண்டாட்டி பேச்சு வண்டி நின்னாலும் கேக்கற மாதிரி வெக்கோணுங்க," என்றான் சென்னியப்பன்.

"அதுக்கு ஃபாரம் இருக்கு. தனக்குக் குரல் இருக்குன்னு அந்தம்மாவே நேர்ல வந்து, வண்டி நிக்கும்போது, வாயால சொல்லணும்."

"வண்டி நின்னா அவ பேச்சு கேக்காதுங்களே."

"அதான் இதுவரைக்கும் ஒரு ஃபாரமும் வரல."

சென்னியப்பன் யோசித்தான். பிறகு நகவெட்டியை எடுத்து ரோஸ் வயரை வெட்டினான். இதுவும் வீடியோவில் இருந்ததுதான். ஞானதுரை கோபப்படவில்லை. "இனிமே எனக்கு வேகம் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அன்று துளசிமணியின் பேச்சு நாற்பதிலும் கேட்கவில்லை. அறுபதிலும் கேட்கவில்லை. சென்னியப்பன் தொண்ணூறில் போனான். ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. அவள் பேசிக்கொண்டே இருந்தாள், ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ஒரே நாள்தான் இருந்தது. இருபத்தோரு வருஷமாக அவள் பேசியதில் ஏதாவது ஒன்றை நினைவுபடுத்திப் பார்த்தான். கேஸ் தீரப்போவது மட்டும்தான் வந்தது.

சிக்னலில் நின்றபோது துளசிமணி ஒரு பில்லின் பின்புறத்தில் எழுதி நீட்டினாள்.

'வயர வெட்டறதுக்கு முன்னாடி என்னயக் கேட்டீங்களா?'

"இல்ல," என்றான் சென்னியப்பன். அவன் சொன்னது நன்றாகக் கேட்டது. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவள் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் கையைக் காட்டினாள். தானே ஸ்டீரியோவை இழுத்து வெளியே எடுத்துவிட்டு, தலையை உள்ளே விட்டாள். அவள் பேசியது சென்னியப்பனுக்குக் கேட்கவில்லை. ஞானதுரை பதில் சொன்னது மட்டும் கேட்டது.

"ஆமாம்மா... பதினோரு வருசமா இங்கனதான்."

வண்டி வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"இல்லம்மா. யாரும் கேட்டதில்ல... சாப்பாடா? புளிச்சோறு இருந்தா போதும்மா... அப்படியா! எட்டு மணிக்கா, எட்டு கிலோமீட்டரா?... செய்யலாம், செய்யலாம்."

வண்டி நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் அவருக்கு அவள் பேச்சு கேட்டது. சென்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குமிழ்க்காரர் மேல் பொறாமைப்பட்டான்.

துளசிமணி வயரின் இரண்டு நுனிகளையும் முறுக்கி, டேப் ஒட்டி, ஸ்டீரியோவைச் சொருகினாள்.

"நல்ல மனுசன்," என்றாள் நாற்பதில். "நாசரேத்துப் பக்கமாம். நாளைக்கு எட்டுல போனா, காதுக்கு மட்டும் கேக்கற மாதிரி வெச்சுத் தர்றேன்னாரு."

"எனக்குக் கேக்காதா?"

"நீங்க ரோட்டப் பாருங்க மாமா."

வெள்ளிக்கிழமை காலை காங்கேயத்தில் லோகுசாமி குழந்தையைத் தூக்கிவந்து, காரில் இருந்த அக்காவின் மடியில் வைத்தான். சென்னியப்பன் முதல் கியரில் எட்டில் போனான். ஊசி எட்டைத் தாண்டவும் இல்லை, குறையவும் இல்லை. உறவினர்கள் தாம்பாளங்களோடு காரின் இரண்டு பக்கமும் நடந்து வந்தார்கள். துளசிமணி குனிந்து மூன்று முறை சொன்னாள். குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது.

"எங்களுக்குக் கேக்கலியே," என்றார்கள் உறவினர்கள்.

"பேருன்னா நாலு பேருக்குத் தெரியோணும் மச்சான்," என்றான் லோகுசாமி.

அது நியாயமாகப் பட்டது. எல்லோரும் வண்டிகளில் ஏறினார்கள். ஒன்பது கார், ஒரு மினி லாரி. பைபாஸில் வரிசையாகப் போனார்கள். மினி லாரியில் இருந்தவர்கள் தாம்பாளங்களைப் பிடித்துக்கொண்டார்கள். துளசிமணி குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டாள். சென்னியப்பன் அறுபதைத் தொட்டான்.

"செங்கமலம்!" என்றாள் துளசிமணி.

பின்னால் பத்து வண்டிகளும் ஹாரன் அடித்தன. சென்னியப்பனுக்குப் பேர் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது, இடதுபுறம் ஒரு பெட்ரோல் பங்கில் யூனிஃபார்ம் போட்ட பெண் ஒருவர் பைப்பை மாட்டிவிட்டு ரோட்டுக்கு வருவது தெரிந்தது. அவன் பிரேக் போட்டான். அவர் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

"ஏனுங்க கூப்டீங்க?"

வண்டி நின்றிருந்தது. துளசிமணி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். சென்னியப்பன்தான் பேச வேண்டியிருந்தது.

"உங்களக் கூப்டலீங்க. புள்ளைக்குப் பேர் வெச்சோம்."

அந்தப் பெண் குழந்தையை வெகுநேரம் பார்த்தார். அதன் விரல்களை எண்ணுவது போலத் தொட்டார்.

"நல்லாருக்குது," என்றார். "சரி. அப்ப நான் எந்தப் பேர்ல இருக்கறதுங்க?"

உறவினர்கள் இறங்கிவந்து காரைச் சுற்றி நின்றார்கள். செங்கமலம் என்பது நாற்பத்தைந்து வருஷமாகத் தான் வைத்திருந்த பேர் என்றார் அந்தப் பெண். குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. லோகுசாமி தரையைப் பார்த்தான். குழந்தையின் அம்மாவுக்குக் கண் கலங்கியது. பேரைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று அவள் பயந்தாள்.

துளசிமணி குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டுக்குப் போனாள். புருஷனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

சென்னியப்பன் முதல் கியரைப் போட்டான். எட்டில் பங்க் வரைக்கும் போனான். பின்னால் துளசிமணி அந்தப் பெண்ணின் காதோரம் குனிந்து மூன்று முறை சொன்னாள். என்ன பேர் என்று அவனுக்குக் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

அந்தப் பெண் இறங்கினார். ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப்பார்த்துக்கொண்டார். பிறகு பைப்பை எடுத்தார்.

"அடுத்த வண்டி வாங்க," என்றார்.