பூட்டிய வண்டிக்குள் முப்பத்திரண்டு சிலிண்டர்

கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. இதை ஏதோ பட்டம் வாங்கினவன் மாதிரி நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அன்று காலை என் தங்கை புருஷனை முப்பத்திரண்டு சிலிண்டர்களோடு நாலு பக்கமும் மூடிய வண்டியின் பின்பக்கம் ஏற்றி, வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டதும் அந்தக் கோபத்தில்தான்.

தீயணைப்பு சிலிண்டர்களுக்குக் கரியமில வாயு நிரப்பித் தரும் பட்டறையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்க்கிறோம். நான் டிரைவர். மாப்பிள்ளை நிரப்புகிற ஆள், லோடு போகும்போது கூட வருவான். வயதில் சின்னவன் என்பதால் எனக்கு அவன் இவன்தான்; அவன் எனக்குக் கொடுக்கும் மரியாதையில் ஒரு குறையும் வைத்ததில்லை.

விதிகள் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்திப் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். கைப்பிடி அமுங்காதபடி அதன் துளையில் 'பின்' என்கிற கம்பியைச் செருகி சீல் வைத்திருக்க வேண்டும். சரக்கோடு ஆள் உட்காரக் கூடாது. இதெல்லாம் பட்டறைச் சுவரில் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறது. அந்தப் பலகையின் ஆணியில்தான் நான் தினமும் என் சட்டையை மாட்டுவேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். வாங்குகிறவர் கண் முன்னால் எடை போட்டுக் காட்டிய பிறகுதான் பின்னைச் செருகி சீல் வைப்போம். முன்னாலேயே சீல் வைத்துக் கொண்டுபோனால் உள்ளே பாதிதான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறார்கள். அதனால் பின்கள் எல்லாம் ஒரு துணிப்பையில், என் சீட்டுக்குப் பக்கத்தில், சொகுசாகப் பயணம் செய்யும். தீயை அணைக்கிற சாமான் நம்மை என்ன செய்துவிடும் என்ற மிதப்பு எங்கள் எல்லோருக்குமே இருந்தது, மாப்பிள்ளை ஒருவனைத் தவிர.

அந்த நாளுக்கு முந்தின வாரம் அவன் மேனேஜரிடம் போய், மச்சான் லோடைச் சரியாகக் கட்டுவதில்லை என்று சொல்லிவிட்டான். மேனேஜர் அத்தனை பேர் முன்னால் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு வாரமாக அது என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அன்று பார்த்து பட்டையின் பூட்டு உடைந்துகிடந்தது. புதுப் பட்டை மதியம் வந்துவிடும், அதுவரை பொறுக்கலாம் என்றான் அவன். பதினொன்றரைக்குள் சரக்கைச் சேர்த்தாக வேண்டும் என்றேன் நான்.

"கட்டாம வண்டிய எடுக்காதீங்க மச்சான்."

"அவ்வளவு அக்கறை இருந்தா பின்னாடி ஏறி நீயே புடிச்சுக்கிட்டு வா. போட்டுக் குடுக்க மட்டும் வாய் நீளுதில்ல?"

அவனுக்கும் ரோஷம் குறைச்சலில்லை. என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தான். பின்பக்கம் ஏறி, முன்தடுப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி முன்வரிசை சிலிண்டர்களை மிதித்துப் பிடித்துக்கொண்டான். இறங்குடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

பெரிய சாலைக்கு வந்ததும் ஒரு வேகத்தடை. நான் வேகத்தைக் குறைக்கவே இல்லை. பின்னால் தடதடவென்று சரிகிற சத்தம். நன்றாகப் பிடிக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த சிக்னலில் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. புஸ்ஸென்று நீளமாக ஒரு காற்றுச் சத்தம். லாரியின் பிரேக் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு தட்டல் தொடங்கியது. முதலில் நாலைந்து தட்டு. கொஞ்சம் விட்டு, என் முதுகுக்குப் பின்னாலேயே, தகரத் தடுப்பு அதிர அதிர விடாமல் தட்டினான். ஏதோ கத்தினான், இன்ஜின் இரைச்சலில் வார்த்தை புரியவில்லை. சண்டையை இன்னும் விடவில்லை, திட்டுகிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

தட்டுடா, கை ஓய்கிற வரைக்கும் தட்டு என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். பச்சை விழுந்தது. மிதித்தேன். தட்டல் குறைந்தது, இடைவெளி விட்டு இரண்டு, பிறகு ஒன்று, பிறகு நின்றுவிட்டது. அடங்கிட்டான் என்று எனக்குள் ஒரு திருப்தி வந்தது. இதை எழுதும்போது என் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

முன்னால் சார்ஜ் போட்டிருந்த அவன் போன் அடித்தது. என் தங்கை. இரண்டாவது தடவையும் அடிக்கவே எடுத்தேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இட்ட சோற்றை முழுசாகச் சாப்பிட்டாள், அவரிடம் சொல்லணும் என்றாள். அவன் பின்னால் இருக்கிறான் என்றேன். பின்னால் எதற்கு என்று கேட்டாள். அதைக் காதில் வாங்காத மாதிரி, தடுப்பைத் தட்டி, மாப்ளே, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாம் என்று கத்தினேன்.

பதில் இல்லை. இன்னொரு தடவை கத்தினேன்.

என்னோடு அவன் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பான், அது எனக்குப் பழக்கம். ஆனால் காலையிலிருந்து மூன்று தடவை வீட்டுக்குப் போன் போட்டு அந்தக் காய்ச்சலைக் கேட்டவன். பிள்ளை விஷயத்துக்கு வாய் திறக்காமல் இருக்கிற ஆள் இல்லை. அந்த நிமிஷம்தான் லாரி என் பக்கத்தில் இல்லாமலே அந்தப் புஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பது என் மண்டையில் ஏறியது.

ஓரமாக நிறுத்தி ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வெள்ளைப் புகை முழங்காலில் மோதி வழிந்தது, பனிக்கட்டி மாதிரி சில்லென்று. சிலிண்டர்கள் குப்புறவும் மல்லாக்கவும் கிடந்தன. தடுப்போரம் அவன் தலை தொங்கிக் கிடந்தது. கால்கள் சிலிண்டர்களுக்கு அடியில்.

கரியமில வாயு அடித்த மூடிய அறைக்குள் அப்படியே நுழையாதீங்க, மூச்சை நிறுத்திடும் என்று வாங்குகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான். வெளியே நின்று மூச்சை இழுத்து அடக்கி உள்ளே ஏறினேன். ஒரு சிலிண்டரின் கைப்பிடி இன்னொன்றின் கீழே மாட்டிப் பாதி அமுங்கியிருந்தது. பின்னைச் செருகியிருந்தால் அது அசைந்தே இருக்காது. மேலே கிடந்ததைப் புரட்டித் தள்ளினேன், சத்தம் நின்றது. நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. வெளியே வந்து மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். அவன் காலை விடுவித்து, அக்குளுக்குள் கை கொடுத்து, சிலிண்டர்கள் மேலேயே இழுத்து நடைபாதையில் போட்டேன்.

உதடு நீலம் பூத்திருந்தது. மூச்சு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வாயோடு வாய் வைத்து ஊதினேன். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். முன்சீட்டில் கிடந்த போனில் என் தங்கை இன்னும் லைனில்தான் இருந்தாள், அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே. எத்தனையாவது ஊதலில் என்று தெரியாது, அவன் இருமினான். நான் ரோட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை கேட்டாள், அவர் தட்டவே இல்லையா, கூப்பிடவே இல்லையா என்று. இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது. அவள் நம்பினாள். என் தோளில் சாய்ந்து, நீ இல்லைன்னா இன்னைக்கு அவரே இல்லைண்ணே என்றும் சொன்னாள்.

சாயங்காலம் அவனுக்கு நன்றாக நினைவு திரும்பியது. கைப்பிடியை விடுவிக்கப் பார்த்த வலது உள்ளங்கை கேஸின் குளிரில் வெந்துபோய்க் கட்டுப் போட்டிருந்தது. நானும் தங்கையும் கட்டிலருகே நின்றோம். அவள் மெல்லத் திட்டினாள், அப்படி என்ன வீம்பு, பின்னாடி போய் உட்காருவாங்களா என்று. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தானாகத்தான் ஏறினேன் என்றான். பிறகு ஆக்ஸிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கி என்னைப் பார்த்தான்.

"ரொம்பத் தட்டினேன் மச்சான். உங்களுக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்க."

அவன் குத்திப் பேசவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். தங்கை ஆமாம் என்று தலையாட்டி அவன் நெற்றியைத் துடைத்தாள். ஆமாம் மாப்ளே என்று நானும் சொல்லிவிட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும், மூன்று பேருக்கும் நல்லதாகவே இருந்திருக்கும். வாயைத் திறந்தேன்.

"கேட்டுச்சு மாப்ளே. எல்லாத் தட்டும் கேட்டுச்சு. வேணும்னேதான் நிறுத்தல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தங்கை துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து மேஜை மேல் வைத்தாள். கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று, சத்தமே போடாமல் சொன்னாள்.

"நீ கிளம்புண்ணே. இங்க நான் பாத்துக்கிறேன்."