தன் உளுந்து

"நேத்து லாரி இங்கயா நின்னுச்சு?" என்று பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இங்கதாங்க," என்றார் ஏட்டு வைரக்கண்ணு.

"இல்லீங்க," என்றாள் அம்சவல்லி. "அந்தப் புளியமரத்துல முட்டித்தான் நின்னுச்சு. பட்டை உரிஞ்சு கெடக்கு பாருங்க."

யாரும் பார்க்கவில்லை. அவள் புருஷன் மருதையனின் உடம்பு தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் அறுப்புக்குக் கிடந்தது. அவனை ஏற்றிக் கொன்ற லாரியோ, அரிசி மில் ஷெட்டுக்குப் போய்க் குளித்து, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு மறுபடி ரோட்டுக்கு வந்திருந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்கூட வைத்து நசுக்கியிருந்தார்கள். திருஷ்டியாம்.

பங்குனி பிறந்துவிட்டால் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தார்ரோடுதான் களம். உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பினால் போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி நெற்றை உடைத்துக் கொடுத்துவிடும். டிரைவர்களும் வேண்டுமென்றே வளைத்து ஏற்றிவிட்டு, கையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு போவார்கள். நேற்று நெல் லோடு ஏற்றி வந்த இந்த லாரி மட்டும், ஓரத்தில் குனிந்து செடியைப் புரட்டிக்கொண்டிருந்த ஆளையும் சேர்த்து ஏற்றிவிட்டது.

லாரி கோவிந்தராசுவுடையது. மருதையன் பாடுபட்ட வயலும் அவருடையதுதான். ஆட்சி மாறியபோது துண்டின் கரையை மாற்றிக்கொண்டவர். வேறு எதையும் மாற்றிக்கொண்டதில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தார். "பிரேக் ஹோஸ் பளபளன்னு இருக்கே கோவிந்தராசு? இன்னும் அழுக்குக்கூட ஒட்டலையே?"

"மரத்துல முட்டினதுல பழசு பிஞ்சு போச்சுங்க. மாத்திட்டோம்."

"முன்னாடி முட்டினா பின்னாடி ஹோஸ் பிய்யுமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஏட்டும் தாமதமாகச் சேர்ந்துகொண்டார். டீக்கடையிலிருந்து வடை வந்தது. இன்ஸ்பெக்டர் நின்றிருந்த இடத்தில் மணலைக் கொட்டி மூடியிருந்தார்கள். எதை மூடிய மணல் என்று அவருக்குத் தெரியும். அதன் மேல் நின்றுகொண்டுதான் வடையைப் பிட்டு வாயில் போட்டார்.

"சரி, பிரேக் நல்லாருக்குன்னே போட்டுடறேன். ஆனா பிரேக் நல்லாருந்தா வண்டி ஏன் நிக்கலைன்னு மேல கேப்பான். ஒரு காரணம் வேணுமே?"

"காரணம் காலடியிலயே கெடக்குங்க," என்று ஏட்டு உளுந்துச் செடியைப் பூட்ஸால் தள்ளினார். "சக்கரம் இதுல ஏறி வழுக்கிடுச்சு."

"அது யாரு உளுந்து?" என்று இன்ஸ்பெக்டர் கோவிந்தராசு பக்கம் திரும்பினார். "உங்களுதுன்னா உங்க லாரி, உங்க உளுந்து, உங்க ஆளு, மொத்தமா உங்க தலையிலதான் விடியும்."

கோவிந்தராசு பதறிப்போனார். "ஐயையோ, எனக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்? அவன் குத்தகை வயல்ல அவன் தெளிச்சான், அவன் பிடுங்கினான், அவன் கொண்டாந்து நடுரோட்டுல போட்டான். அத்தனையும் அவன் பாடு!"

அம்சவல்லி நிமிர்ந்தாள். போன மாதம் தாசில்தார் முன்னால், குத்தகைதாரன் என்று தன் பேரைப் பதியச் சொல்லி மருதையன் கைகட்டி நின்றபோது, இதே வாய்தான் சொன்னது: "இவன் என்கிட்டக் கூலிக்கு நிக்கிறவனுங்க. குத்தகையாவது ஒண்ணாவது!" அன்றைக்குத் தாசில்தார், சாட்சி கொண்டுவா பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டார். சாட்சி இல்லையென்றால் அடுத்த நடவுக்கு அந்த வயலில் கால் வைக்க முடியாது.

ஏட்டு, நடந்த இடத்தைப் பற்றிய மகஜரை எழுதி முடித்தார். கோவிந்தராசு எந்தக் காகிதத்தையும் படித்துக் கையெழுத்துப் போடுகிற வழக்கமில்லாதவர். முழங்கையை அகட்டிப் பெரிதாகப் போட்டுவிட்டு டீயை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, நீயும் கைநாட்டு வைக்கணும். படிக்கிறேன் கேளு. 'மேற்படி மருதையன், கோவிந்தராசு அவர்களிடம் குத்தகைக்குச் சாகுபடி செய்துவரும் தன் வயலில் விளைந்த தன் உளுந்தை, நடுரோட்டில் கவனக்குறைவாகப் பரப்பி...'"

டீ கோவிந்தராசுவுக்குப் புரையேறியது. "யோவ் ஏட்டு! வயலை எதுக்குய்யா இழுத்தே? அடி அதை!"

"நீங்க சொன்னதைத்தானே எழுதினேன் ஐயா?"

"அடிச்சா பக்கத்துல நீங்க திரும்பக் கையெழுத்துப் போடணும்," என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர், விரலை நக்கிக்கொண்டே. "ஏன் அடிச்சீங்கன்னு கோர்ட்டுல வக்கீல் குடைவான். அப்ப உளுந்து யாருதுன்னு மறுபடி மொதல்லேருந்து வரும். உங்களுக்கு லாரி வேணுமா, வயல் வேணுமா?"

கோவிந்தராசு லாரியைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். பிறகு அம்சவல்லியை, சந்தை மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "விடு. ஆம்பளையே போய்ட்டான். இவ என்னத்தக் கிழிச்சுடப் போறா?"

விவசாயிகள் சங்கத்தில் இருக்கும் அவள் தம்பி தங்கையன் காதோரம் வந்தான். "அக்கா, வச்சுடு. தாசில்தார் கேட்ட சாட்சி இதுதான். அவரு கையெழுத்தே இருக்கு. இந்தத் 'தன்' ஒண்ணு போதும்க்கா நமக்கு!"

நேற்றெல்லாம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவன். இப்போது அவன் கண்ணில் ஒரு மினுமினுப்பு. கோவிந்தராசுவின் வாயைவிட அதுதான் அவளுக்கு அதிகம் குமட்டியது.

"நடுரோடுன்னு இருக்கே ஏட்டையா. ஓரத்துலதான போட்டாரு."

"ஓரம்னு போட்டா, லாரி ஏன் ஓரத்துக்கு வந்துச்சுன்னு வரும்மா."

"வந்துச்சே."

"வந்துச்சு. அதை எழுத முடியாதுல்ல?"

"கவனக்குறைவுன்னு எழுதலாமா?"

"செத்தவனைச் சொல்றதுல என்ன இருக்கு? அவனா வந்து கேக்கப் போறான்?"

"அப்ப, தன் வயலு, தன் உளுந்து. அது மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை எடுத்துடுங்க."

ஏட்டு பேனாவை மூடினார். "இது என்ன கறிகாயா, பொறுக்கி எடுக்க? ஒரே வாக்கியம்மா. எடுத்தா முழுசா எடு, இல்லேன்னா விடு."

மருதையன் பிறந்ததிலிருந்து ஓரமாகவே நடந்தவன். பண்ணை வண்டி வந்தால் வாய்க்காலில் இறங்கி நின்று வழிவிடுகிறவன். செத்த பிறகு அவனை நடுரோட்டுக்கு இழுத்து வந்துவிட்டார்கள். தன் வயல் என்று அவனைப் பற்றி ஒருவன் எழுத, அவன் சாக வேண்டியிருந்தது. அவனே தப்புப் பண்ணினான் என்று பெண்டாட்டி ஒப்ப வேண்டியிருந்தது.

"அக்கா..." என்று இழுத்தான் தங்கையன்.

"சும்மா இருடா!"

கட்டைவிரலை நீட்டினாள். ஏட்டு மையைத் தடவிக் காகிதத்தில் உருட்டினார். விரலைப் பிடித்திருந்த அவர் கையின் வியர்வை ஈரமும் மையோடு சேர்ந்து அவள் விரலில் ஒட்டியது. புடவையில் துடைத்தாள். போகவில்லை.

"முடிஞ்சுதா? வண்டியை எடுப்பா," என்றார் கோவிந்தராசு.

டிரைவர் ஏறினான். மிச்சம் கிடந்த செடியைச் சுற்றிப் போக எத்தனையோ இடம் இருந்தது. பழக்கம் விடுமா? வளைத்து, அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போனான். நெற்றுகள் சடசடவென்று வெடித்தன.

"பாத்தியாம்மா?" என்று ஏட்டு ஆறுதல் போலச் சொன்னார். "நல்லா உடைஞ்சுடுச்சு. கூட்டி அள்ளிக்க. உன் உளுந்துதானே!"

அம்சவல்லி புளியமரத்துக்குப் பின்னால் போய் ஓங்கரித்து வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவ வாய்க்காலில் தண்ணீர் இல்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து விளக்குமாற்றை எடுத்தாள்.

"விட்டுடுக்கா. மண்ணும் மத்ததும் கலந்து கெடக்கு. இதை யாரு தின்பா?" என்றான் தங்கையன்.

"திங்கவா அள்றேன்? நாம விட்டுட்டுப் போனா, 'பாத்தீங்களா, அது அவங்க உளுந்தே இல்லே'ன்னு நாளைக்குக் கோவிந்தராசு அதையும் சொல்லுவான். சாக்கைப் புடி."

குனிந்து, மணல் கொட்டிய இடத்தையும் விடாமல் கூட்டினாள்.